உன் பட்டியலின் ஏழாவது குறிப்பு

தம்பி,

எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடு அம்மா என்று கேட்டிருந்தாய். பார்த்துவிட்டேன். மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. ஓரிடத்தில் ‘முயற்சி’ ‘முயர்ச்சி’ ஆகியிருக்கிறது. அவற்றைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். மற்றதைச் சொல்லக் கடிதம்தான் வேண்டும். போனில் சொன்னால் முதல் வாக்கியம் முடிவதற்குள் ‘விடும்மா’ என்பாய். நானும் விட்டுவிடுவேன். கோபத்தில் எழுதியதை ஒரு நாள் வைத்திருந்து படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் எழுதுவதற்கே நான்கு நாள் பொறுத்தேன். கோபம் குறையவில்லை.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ‘இதே நாளில் நம் கிளப்’ என்ற தலைப்பு நல்ல தலைப்பு. ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறிலும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் நம் ஊர் மைதானத்தில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தை வைத்து, கிளப்பின் மறக்க முடியாத பத்துத் தருணங்கள் என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே தேடித் தொகுத்திருக்கிறாய். முதல் வருஷம் இரண்டு அணிக்கும் பனியன் இல்லாமல், ‘சட்டை போட்ட பக்கம், சட்டை போடாத பக்கம்’ என்று பிரிந்து ஆடியதைப் படித்துச் சிரித்தேன். பந்து ஊருணிக்குள் விழுந்த வருஷத்தை நீ எழுதிய விதமும் எனக்குப் பிடித்தது. அது குடிதண்ணீர் ஊருணி, யாரும் கால் நனைக்கக்கூடாது. அதனால் இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் நடுவரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து, காற்று பந்தைக் கரைக்குத் தள்ளிவரும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் நீ ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் போடவில்லை. எழுத வருகிறது உனக்கு. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். எழுத வராதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று போயிருப்பேன்.

ஏழாவது குறிப்புக்கு வருகிறேன். ‘அடிச்சாரய்யா சேம்சைடு!’ என்று தலைப்பு. ஒக்கூர் அணிக்கு எதிரான இறுதி ஆட்டம், கடைசி நிமிடங்கள், ஆளுக்கு ஒரு கோல். கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் நம் பேக் சண்முகம் பந்தை நம் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டார். ‘அம்மாச்சி ஊருக்குச் சீர் கொண்டுபோன ஒரே ஆட்டக்காரர்’ என்று முடித்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்றை வரிசையாக ஒட்டியிருக்கிறாய். எட்டாவது குறிப்பில் அதே மைதானத்தில், வேறொரு வருஷம், உன் அப்பா பெனால்டியைத் தடுத்த கதை. அதில் அவர் பாய்ந்தது, முழங்கை கிழிந்தது, ரத்தத்தோடு கோப்பையைத் தூக்கியது, எல்லாம் இருக்கிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறாய். அந்த வெற்று வரியில் இருப்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஏழாவதை உனக்கு யார் சொன்னது? உன் அப்பா சொன்னார், கிளப் தலைவர் சொன்னார், பழைய ஆட்டக்காரர்கள் குரூப்பில் ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பத்துப் பேரிடம் கேட்டதாக நீயே பெருமையாக எழுதியிருந்தாய். பதினோராவது ஆளாகச் சண்முகத்திடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை. அவர் செத்துப்போகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு நீ வந்தபோது நம் போர் மோட்டாரை அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போனாய். சரிசெய்து வாங்கிக்கொண்டு வந்தாய். அவரைப் பற்றி எழுத மட்டும் அவர் தேவைப்படவில்லை.

அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. அப்போது ஒன்பதாம் வகுப்பு. கொடியேற்றத்துக்குப் பாட எங்கள் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்துப் போயிருந்தார்கள். பாடி முடித்ததும் நிழலில் நில்லுங்கள் என்று டீச்சர் சொல்ல, நம் கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் நின்றோம். அப்போது கோல்போஸ்டுக்கு வலை கிடையாது, இரண்டு கம்பமும் மேலே ஒரு குறுக்குக் கட்டையும்தான். உன் அப்பாவின் முதுகுக்குப் பத்தடி பின்னால் நின்றேன். அவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மஞ்சள் பனியன் போட்ட கோல்கீப்பர், அவ்வளவுதான். இரண்டாம் பாதி முழுக்க அந்த முதுகை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த வயதில் உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

ஒக்கூர்ப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்து, வேகம் இல்லாமல் உருண்டு வந்தது. சண்முகம் அதற்கு முன்னால் ஓடிவந்தார். உன் அப்பா கோலை விட்டு வெளியே பாய்ந்தபடி கத்தினார், “எனக்கு விடு! சண்முகம், எனக்கு விடு!” சண்முகம் விட்டார். அதாவது, காலின் உட்பக்கத்தால் மெல்ல அவர் பக்கம் தட்டிவிட்டார். ஆனால் உன் அப்பாவோ, சண்முகம் பந்தைத் தொடாமல் ஒதுங்குவார், தானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். பந்து அவருடைய இடது பக்கமாக உருண்டு, ஆளில்லாத கோலுக்குள் போனது.

இப்போது நீ சொல். நீயும் அதே மைதானத்தில் ஆடி வளர்ந்தவன்தானே? சாயங்காலம் அங்கே போய் நின்றால் காதில் விழுவது என்ன? ‘எனக்கு விடு, எனக்கு விடு’ என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். பந்தைத் தொடாதே என்று அதற்கு அர்த்தமா, என் பக்கம் அனுப்பு என்று அர்த்தமா? இரண்டும்தான். ஒரே சொல். கத்தியவர் ஒன்றை நினைத்தார், கேட்டவர் இன்னொன்றைச் செய்தார். இதில் தவறு என்று ஒன்று இருந்தால் அதில் பாதி கத்திய வாய்க்கு, பாதி கேட்ட காலுக்கு. முழுவதையும் காலின் மேல் ஏற்றியது யார்?

ஊர்தான் ஏற்றியது. ஆட்டம் முடிவதற்கு முன்பே ஏற்றிவிட்டது. சண்முகத்தின் அம்மா ஒக்கூரில் பிறந்தவர். அது போதுமாக இருந்தது. “அம்மாச்சி ஊருக்குச் சீர் போகுதுடோய்! தட்டை யாரு தூக்குறது?” என்று ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. கத்தியவன் யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அந்த வரியை முப்பது வருஷம் கழித்து நீ எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறாய். வேடிக்கைக்குச் சொன்னது என்பார்கள். அடுத்த வருஷ நோட்டீஸில் அவர் பெயர் இல்லை, அது வேடிக்கையா? ‘ஒக்கூர் ஆட்டம்னா அவனை நம்ப முடியாதுல்ல’ என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டது வேடிக்கையா? அவருடைய கல்யாணத்துக்கு நண்பர்கள் அச்சடித்துக் கொடுத்த வாழ்த்து மடலில் ‘மாப்பிள்ளை சேம்சைடு சண்முகம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் அதைப் படித்துவிட்டு, “இப்படின்னா என்னங்க அர்த்தம்? பையன் கட்சி மாறுற ஆளா?” என்று பந்தலிலேயே விசாரித்தார்களாம். ஊர் இதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கோல்கீப்பர் உழுது விதைக்கும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, பேக் ஆசாரி வீட்டுப் பிள்ளை. கோல்கீப்பரிடம் போய், ‘நீ என்னப்பா கத்தினே?’ என்று கேட்கத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. இந்த வரி உனக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் படி.

ஆறு வருஷம் கழித்து அந்த மஞ்சள் பனியன்காரரையே எனக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் துணிவு வந்து கேட்டேன்: “அன்னைக்கு ஒக்கூர் ஆட்டத்துல, நீங்கதானே விடுன்னு கத்துனீக?” உன் அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். “ஆமா. அவனுக்குத் தமிழ் தெரியலை, நான் என்ன பண்ணட்டும்?” என்றார். நானும் சிரித்தேன். புதுப் பெண், புருஷன் சொன்ன முதல் பகடி, அதனால் சிரித்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். புத்தகங்களில் அநியாயத்தைப் படித்தால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். தூரதேசத்தில் யாரோ ஒருத்திக்கு நடந்த கொடுமையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் காயில் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குச் சோறு நன்றாகத்தான் இறங்கியது.

உனக்கு ஆறு வயது இருக்கும். மோட்டாரைக் கொடுக்க மூவருமாக அவர் கடைக்குப் போயிருந்தோம். நீ படியேறிப் போய், “சேம்சைடு மாமா, தண்ணி குடுங்க” என்றாய். கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் சொல்லிக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தாய். அவர் பானையில் மொண்டு, “மெதுவாக் குடி அப்பு, பொரை ஏறிரும்” என்று சொல்லிக் கொடுத்தார். உன் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பை மறைக்கத்தான். வீட்டுக்கு வந்து உன்னைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. இன்று நீ எழுதியிருக்கும் ஏழாவது குறிப்பு அன்று நான் திருத்தாத வாக்கியம்தான். அதனால் உன்மேல் வருகிற கோபத்தில் பெரும்பங்கு எனக்குச் சேர வேண்டியது. உன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு இருபத்துமூன்று வயது.

நீ அனுப்பியதைப் படித்த அன்றே உன் அப்பாவிடம் கேட்டேன். வயலுக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க மகன் எழுதியிருக்கிறதைப் பார்த்தீகளா?”

“பார்த்தேன். நல்லாத்தானே எழுதிருக்கான்.”

“ஏழாவதையுமா?”

“அது சும்மா தமாசு. ஊரே சொல்றதுதானே.”

“நீங்க சொன்னதை அதுல காணோமே. எனக்கு விடுன்னீகளே, அது எங்க போச்சு?”

துணியைக் கீழே வைத்தார். “அன்னைக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றார். “அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுட்டாக. சிரிச்ச பெறகு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். நாளைக்கு அடுத்த நாள் ஆயிருச்சு. இப்ப முப்பது வருசம் கழிச்சுப் போயி என்னத்தை… விடு.”

“இது எந்த விடு?” என்று கேட்டேன். “தொடாம ஒதுங்கணுமா, உங்க பக்கம் தட்டிவிடணுமா?”

எழுந்து வெளியே போய்விட்டார். உன் அப்பா கெட்டவர் இல்லை தம்பி. யாருக்கும் தீங்கு செய்ய நினைத்து அவர் எதையும் செய்ததில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் மறுக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு மனிதனை முப்பது வருஷம் மைதானத்துப் பக்கம் வரவிடாமல் செய்ய அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. நீ பெரிய இடத்துக்குப் போவாய், நாலு பேர் கூடிச் சிரிக்கும் இடங்களில் நிற்பாய். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் வாயைத் திறந்துவிடு. முடிந்த பிறகு திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை உன் பெற்றோர் இரண்டு பேரையும் பார்த்துத் தெரிந்துகொள்.

இந்த வருஷம் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீ கேட்கலாம். காலையில் முதலில் பெண்கள் ஆட்டம் என்று நோட்டீஸில் நீதான் போட்டிருக்கிறாய். அதில் நம் அணியில் பேக் ஆடப்போகும் கயல் சண்முகத்தின் மகள். அவள் ஆடுவதைப் பார்க்க அவர் வரப்போகிறார். அந்த ஆட்டத்துக்கு முன்னால்தான் உன் பட்டியலை மைக்கில் படிக்கப்போகிறார்கள். ஒக்கூர் என்ற பெயர் வந்ததும் கூட்டம் திரும்பி அவர் முகத்தைத் தேடும். அந்தப் பெண் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அப்பா நின்ற அதே இடத்தில் போய் நிற்க வேண்டும்.

நேற்று நான் அவர் கடைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், “செத்த இருங்க தங்கச்சி, எண்ணிக்கிட்டு இருக்கேன், விட்டா முதல்ல இருந்து சுத்தணும்,” என்றார். நின்றேன். சுற்றி முடித்து நூலால் கட்டிவிட்டு, “மோட்டார் மறுபடி போயிருச்சா? புள்ளையை அனுப்பிருந்தா நானே வந்திருப்பேன்ல,” என்றார்.

மோட்டார் இல்லை, இருபத்தாறாம் தேதி விஷயம் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் குரூப்பில் வந்ததை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். “படிக்கட்டும் தங்கச்சி. படிச்சாலும் நான் வருவேன். நான் வரலைன்னா அந்தப் புள்ள அங்குட்டு ஒத்தையாவுல்ல நிக்கும்,” என்றார்.

“அவுக விடுன்னு கத்தினாகண்ணே. எனக்குத் தெரியும்,” என்றேன்.

“எனக்குந்தான் தெரியும். நான் என்ன செவிடா? விடுன்னாக, விட்டேன்.”

“இத்தனை வருசமா நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். “சொல்லாம என்ன? எங்கப்பாகிட்டச் சொன்னேன். ‘கேட்டவுக யாராச்சும் இருந்தா கூட்டியா, நான் போய்ப் பேசுறேன்’னாக. நான் யாரைக் கூட்டிட்டு வர்றது? பந்து உங்க காலுகிட்டதானே வந்து நின்னுச்சு. பச்சைத் தாவணி போட்டிருந்தீக. எடுக்க வந்தப்ப உங்ககிட்டத்தான் கேட்டேன். ‘அவுக விடுன்னது உனக்குக் கேட்டுச்சாத்தா?’ன்னு. இல்லைன்னு தலையாட்டினீக.”

ஆமாம் தம்பி. தலையாட்டினேன். இந்தக் கடிதத்திலேயே, மேலே, பந்து கோலுக்குள் போனது என்று எழுதி நிறுத்திவிட்டேன். முழுவதும் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அந்த இடம் வந்ததும் என் கை தானாக அடுத்த பத்திக்குப் போய்விட்டது. எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்கட்டும் என்று. பந்து என் செருப்பில் வந்து முட்டியது. குனிந்து எடுத்தேன். வியர்வை வழிய ஒருவர் வந்து கைநீட்டினார், கேட்டார். நான் அவரைத் தாண்டி மஞ்சள் பனியனைப் பார்த்தேன், தலையாட்டினேன், பந்தைக் கொடுத்தேன். அத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஊர் சிரித்தது, உன் அப்பா சும்மா இருந்தார். பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

“சின்னப் புள்ள. பயந்திருப்பீக,” என்றார் சண்முகம். பயப்படவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

ஆகவே, ஏழாவது குறிப்பை நீக்கிவிடாதே. நீக்கினால் உனக்குச் சுலபம், உன் அப்பாவுக்குச் சுலபம், எனக்கு எல்லோரையும்விடச் சுலபம். அந்த மஞ்சள் முகங்களையும் சீர் வரியையும் எடுத்துவிட்டு இப்படி எழுது: ஒக்கூருக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், கோல்கீப்பர் ‘எனக்கு விடு’ என்று கத்தினார். பேக் சண்முகம் பந்தை அவருக்கு விட்டார். பந்து கோலுக்குள் போனது. ‘எனக்கு விடு’ என்றது உன் காதில் விழுந்ததா என்று சண்முகம் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டார். அவள் இல்லை என்றாள்.

அதுவரை நீ எழுதினால் போதும். மைக்கைப் பிடித்து எனக்குப் பழக்கமில்லை, நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் எழும்பாது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும், கயல் ஆட்டத்தில் இறங்குவதற்கு முன், அந்தப் பத்தி முடிகிற இடத்தில் என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். உன் அப்பா பெயரை அதோடு சேர்க்காதே. அவர் பதிலை அவர் சொல்லிக்கொள்ளட்டும். சண்முகம் கேட்ட கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒரு சொல்தான். நான் வந்து சொல்கிறேன்: கேட்டது.

அம்மா